ஆட்டிசம், கற்றல் குறைபாடு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் வேலைக்குச் செல்ல அரசின் உதவிகளைப் பெறுவது எப்படி?

ஆட்டிசம் உள்ள ஒரு மென்பொருள் பட்டதாரிக்கும், வாசிப்பதில் தடுமாறும் ஒரு வணிகவியல் மாணவிக்கும், ஐந்தாம் வகுப்புக்கு மேல் பாடம் ஏறாத அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளைஞருக்கும் இந்தியச் சட்டம் ஒரே பிரிவில் இடம் தந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்தது. அவற்றில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இல்லை. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்று, இவ்விரண்டையும் உள்ளே கொண்டுவந்தது. ஒரே பிரிவு என்றாலும் இந்த மூவரும் வேலைக்குப் போகும் வழி ஒன்றல்ல. எழுத்துத் தேர்வை எதிர்கொள்ளக்கூடியவருக்கு இடஒதுக்கீடே முதன்மையான உதவி. தேர்வு எழுத இயலாதவருக்கு அந்த இடஒதுக்கீடு பெரும்பாலும் காகிதத்தில் நின்றுவிடும். அவருக்கான உதவி பயிற்சி மையங்களிலும், தனியார் நிறுவனங்களுக்கு அரசு தரும் ஊக்கத்திலும், கடன் திட்டங்களிலும்தான் இருக்கிறது. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கினால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

இந்த 21 வகைகளில் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டு நிலை தனி வகையாக இடம்பெறவில்லை. ஆகவே அந்த ஒரே காரணத்துக்காக மாற்றுத்திறனாளிச் சான்று கேட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். ஆனால் ஏடிஎச்டி உள்ள பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதுண்டு. அது உண்டா என்பதையும் மதிப்பிடும்படி மருத்துவ உளவியலாளரிடம் கேட்பது நல்லது. சட்டம் குறிப்பிடும் கற்றல் குறைபாட்டில் டிஸ்லெக்சியா மட்டும் அல்ல, எழுதுவதில் சிரமம் தரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் சிரமம் தரும் டிஸ்கால்குலியா, உடலசைவுகளை ஒருங்கிணைப்பதில் சிரமம் தரும் டிஸ்பிராக்சியா ஆகியவையும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சான்றிதழ்

எல்லா வழிகளுக்கும் நுழைவாயில் மருத்துவச் சான்றும், அதனுடன் இணைந்த யு.டி.ஐ.டி. என்னும் தனித்துவ அடையாள அட்டையும்தான். ‘ஸ்வாவலம்பன்’ இணையதளத்தில் விண்ணப்பித்தால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைக்கு விண்ணப்பம் செல்லும். குறிப்பிட்ட நாளில் நேரில் மதிப்பீட்டுக்குச் செல்ல வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்க இயலாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அட்டையின் நிறமே குறைபாட்டின் அளவைச் சொல்லிவிடும்: 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வேலைவாய்ப்புச் சலுகைகளில் மிகப் பெரும்பாலானவை 40 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கே உரியவை என்பதால், அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

ஆட்டிசத்தை மதிப்பிட ‘இசா’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய அளவுகோல் பயன்படுகிறது. அதில் 70 மதிப்பெண்ணுக்குக் கீழ் ஆட்டிசம் இல்லை என்று கொள்ளப்படும். 70 முதல் 106 வரை மிதமானது (மைல்ட்), 107 முதல் 153 வரை நடுத்தரம் (மாடரேட்), அதற்கு மேல் கடுமையானது. மிதமான நிலையே 40 விழுக்காட்டில் தொடங்குவதால், ஆட்டிசம் உறுதியானவருக்குப் பெரும்பாலும் தகுதிச் சிக்கல் எழுவதில்லை. அறிவுசார் குறைபாட்டுக்கு நுண்ணறிவுச் சோதனையோடு, அன்றாட வாழ்வில் தாமாகச் செயல்படும் திறனை அளக்கும் வைன்லேண்ட் அளவுகோலும் பயன்படும். மத்திய அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறையின்படி இந்த அளவுகோலில் 55 முதல் 69 வரை பெறுபவருக்கு 50 விழுக்காடும், 36 முதல் 54 வரை 75 விழுக்காடும் குறைபாடு கணக்கிடப்படும். 70 முதல் 84 வரை எல்லைக்கோட்டில் இருப்பவருக்குக் கிடைப்பது 25 விழுக்காடு மட்டுமே. அதே நெறிமுறையில், நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 85க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான அடுத்தகட்டச் சோதனைக்கே போக முடியும். பள்ளியில் மெதுவாகக் கற்பவர் என்று பெயர் வாங்கி, படிப்பிலும் வேலை தேடுவதிலும் உண்மையாகவே திணறும் ஒரு பெரிய கூட்டம் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் விழுந்துவிடுகிறது. சட்டம் நல்ல நோக்கத்தோடு வந்திருந்தாலும் இந்த இடைவெளியை நியாயம் என்று சொல்வதற்கில்லை. நெறிமுறைகள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டிருப்பதால், பழைய மதிப்பீட்டில் தவறவிட்டவர்கள் மறுமதிப்பீடு கேட்டு ஒருமுறை விண்ணப்பித்துப் பார்ப்பதில் இழப்பு இல்லை.

வயது இங்கே இன்னொரு சிக்கல். பதினெட்டு வயதுக்கு முன் வாங்கிய சான்று தற்காலிகமானது. பதினெட்டு முடிந்தபின் மறுபடியும் மதிப்பீடு செய்து வாங்குவதே வேலைக்குச் செல்லுபடியாகும். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் பெறுவதற்காக வாங்கிய சான்றை வைத்துக்கொண்டு வங்கித் தேர்வின் ஆவணச் சரிபார்ப்புக்குப் போய், கடைசி நாளில் தகுதியிழப்பவர்கள் உண்டு. கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனைகள் பள்ளி வயதினரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை என்பதால், பள்ளியில் எந்தச் சான்றும் வாங்காமல் இருபத்தைந்து வயதில் முதன்முறையாக விண்ணப்பிப்பவரின் பாடு கடினம். அப்படிப்பட்டவர் பழைய மதிப்பெண் பட்டியல்கள், பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவரோ மொழிப்பாட விலக்கோ பெற்றதற்கான ஆணைகள், சிறப்பாசிரியரிடம் படித்த குறிப்புகள் என்று எவை கிடைத்தாலும் திரட்டிக்கொண்டு செல்ல வேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் இந்தக் காகிதங்களை இப்போதே ஒரு கோப்பில் பத்திரப்படுத்துவது நல்லது.

விண்ணப்பத்தின் மீது மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் திருத்த விதிகள் கூறுகின்றன. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ‘இந்தப் பிள்ளையைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே’ என்று வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், அது மறுப்பாகப் பதிவாகாது, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கிடைத்த மறுப்பை எதிர்த்து, சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். பொய்யான தகவல் தந்து சலுகை பெறுவது இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சான்று ‘ஏற்பாடு’ செய்து தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களிடமிருந்து விலகியிருங்கள்.

அரசு வேலையும் ஒரு விழுக்காடும்

சட்டத்தின் 34ஆம் பிரிவு அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. பார்வை, செவித்திறன், உடலியக்கம் ஆகிய மூன்று பிரிவினருக்குத் தலா ஒரு விழுக்காடு. எஞ்சிய ஒரு விழுக்காட்டை, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை அடங்கிய ‘டி’ பிரிவும், பல்வகைக் குறைபாடுகள் உள்ளவர்களுக்கான ‘இ’ பிரிவும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்கின்றன. மூளை முடக்குவாதம் இதில் சேராது. அது உடலியக்கப் பிரிவில் உள்ளது. ஓராண்டில் தகுதியானவர் கிடைக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும். அப்போதும் கிடைக்காவிட்டால் முதலில் ஐந்து பிரிவுகளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். அதன் பிறகே மாற்றுத்திறனாளி அல்லாதவரை நியமிக்கலாம். ‘டி’ பிரிவு இடங்கள் நிரம்பாமல் பின்னடைவுப் பணியிடங்களாகத் தேங்குவதற்கும், பிறகு பிற பிரிவுகளுக்குப் போய்விடுவதற்கும் முக்கியமான காரணம், தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்காமல் இருப்பதுதான் என்று கருதுகிறேன். கற்றல் குறைபாடுள்ள பட்டதாரிகளில் பலர் சான்று வாங்கக் கூசுகிறார்கள். அந்தத் தயக்கத்தின் விலை ஒரு வேலையாக இருக்கலாம்.

விளம்பரத்தை வாசிப்பதில் கவனம் தேவை. வங்கித் தேர்வு அறிவிக்கைகளின் காலியிடப் பட்டியலில் ‘ஐடி’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டம் இருக்கும். அது அறிவுசார் குறைபாட்டை மட்டும் குறிப்பதாக எண்ணி ஆட்டிசம் உள்ளவர்களும் கற்றல் குறைபாடு உள்ளவர்களும் ஒதுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கட்டம் ‘டி’, ‘இ’ இரண்டு பிரிவுகளுக்கும் உரியது. அறிவிக்கையின் உள்ளே அதன் விளக்கம் இருக்கும். வேறு சில தேர்வாணையங்கள் இதையே ‘பிற’ என்று குறிப்பிடுகின்றன.

அடுத்து, அந்தப் பதவி உங்கள் பிரிவுக்கு உகந்ததாக அறிவிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மத்திய சமூகநீதி அமைச்சகம் 2021 ஜனவரி 4 அன்று 3,566 பதவிகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. ஒவ்வொரு பதவிக்கும் எதிரே அந்த வேலைக்குத் தேவையான உடல், புலன் செயல்பாடுகளும், எந்தெந்தக் குறைபாடு உள்ளவர்கள் அதைச் செய்யலாம் என்பதும் சுருக்கக் குறிகளால் தரப்பட்டிருக்கும். ஆட்டிசத்துக்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘எம்’ என்று மட்டும் இருந்தால் மிதமான நிலையில் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தப் பதவி திறந்திருக்கிறது என்று பொருள். நடுத்தர நிலை என்று சான்றில் இருப்பவர் அதற்கு விண்ணப்பித்தால் கடைசிக் கட்டத்தில் நிராகரிக்கப்படலாம். சான்றில் விழுக்காடு மட்டுமன்றி நிலையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். மாநில அரசுப் பதவிகளுக்கு அந்தந்த மாநிலம் தனியே பதவிகளை அடையாளங்காண்கிறது.

மத்திய அரசு நேரடி நியமனங்களில் வயது வரம்பில் 10 ஆண்டுத் தளர்வு உண்டு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 13, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 15 ஆண்டுகள். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் வயதுத் தளர்வும் தேர்வுக் கட்டண விலக்கும் அளிக்கிறது. தளர்வு எதையும் பயன்படுத்தாமல் பொதுத் தகுதி வரிசையிலேயே தேர்ச்சி பெறும் மாற்றுத்திறனாளியை ஒதுக்கீட்டு இடத்தில் கணக்கிடக் கூடாது என்பதும் மத்திய அரசின் விதி.

தேர்வு அறைச் சலுகைகளைப் பொறுத்தவரை, 2018 ஆகஸ்டு 29 நெறிமுறை ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தரச் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். சொல்வதை எழுதுபவரைப் பெறுவதில்தான் சிக்கல் வருகிறது. அந்த நெறிமுறையின்படி பார்வையின்மை, இரு கைகளும் பாதிக்கப்பட்ட உடலியக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்கு இந்த வசதி கேட்டாலே கிடைக்கும். ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும், எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளது, உதவி எழுத்தர் தேவை என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவர் தனிப் படிவத்தில் சான்றளிக்க வேண்டும். அடையாள அட்டை மட்டும் போதாது. அந்தப் படிவம் ஒவ்வொரு தேர்வு அறிவிக்கையின் பின்னிணைப்பிலும் இருக்கும். அதையே அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள், வேறு தேர்வுக்கு வாங்கியதை நீட்ட வேண்டாம். 40 விழுக்காட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வழி இருக்கிறது: எழுதும்போது கை இழுக்கும் நோயுள்ள ஒரு தேர்வர் தொடர்ந்த விகாஷ் குமார் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், இந்த வசதியை 40 விழுக்காடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று குறுக்க முடியாது எனத் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2022 ஆகஸ்டில் அவர்களுக்கெனத் தனி நெறிமுறையும் வந்தது. ஆகவே 30 விழுக்காட்டுச் சான்று வைத்திருக்கும் டிஸ்கிராஃபியா உள்ளவர், இடஒதுக்கீடு இல்லாவிட்டாலும், கூடுதல் நேரத்தையும் எழுத்தரையும் கேட்கலாம்.

பயிற்சியும் தனியார் வேலையும்

போட்டித் தேர்வு பொருந்தாதவர்கள் முதலில் செல்ல வேண்டிய இடங்களில் ஒன்று, மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய தொழில்நெறி சேவை மையம். சென்னையில் இது கிண்டியில் உள்ளது. தொழில் மறுவாழ்வு மையம் என்ற பழைய பெயரில் இதை அறிந்தவர்கள் அதிகம். இங்கே ஒருவரால் என்ன வேலை செய்ய முடியும் என்று மதிப்பிட்டு, பயிற்சி அளித்து, வேலை தேடவும் உதவுகிறார்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் வயதுவந்தோருக்கான தொழிற்பயிற்சிப் பிரிவு உள்ளது. அறிவுசார் குறைபாட்டுக்கெனத் தனியாக அமைந்த தேசிய நிறுவனம் செகந்திராபாத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான திறன் பயிற்சித் தேசியச் செயல்திட்டத்தின் கீழ் 15 முதல் 59 வயது வரையுள்ளவர்களுக்கு நடக்கும் இலவசப் பயிற்சிகளை ‘பி.எம். தக்ஷ்’ இணையதளத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு தேடலாம். தமிழ்நாட்டில் ‘உரிமைகள்’ என்னும் மாநில அரசுத் திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டுவரும் ‘விழுதுகள்’ ஒருங்கிணைந்த சேவை மையங்கள் உங்கள் பகுதியில் திறந்திருந்தால் அங்கிருந்தே தொடங்குவது எளிது.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது, அதை முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். காகிதப் பை, மெழுகுவத்தி, பினாயில் என்று எல்லாருக்கும் ஒரே பயிற்சியைப் பல ஆண்டுகளாகத் தந்துகொண்டிருக்கும் மையங்கள் உண்டு. பிள்ளை பகலில் பாதுகாப்பாக இருக்க ஓர் இடம் என்ற அளவில் அவை நல்லவையே, ஆனால் வேலைக்கான தயாரிப்பு அதுவல்ல. சட்டத்தின் 19ஆம் பிரிவே ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்குச் சந்தையோடு நேரடித் தொடர்புள்ள தனிப் பயிற்சிகளை அரசு நடத்த வேண்டும் என்கிறது. ஒரே வேலையைத் துல்லியமாகத் திரும்பத் திரும்பச் செய்வதில் நிறைவு காண்பவருக்குக் கிடங்கில் பொருள் அடுக்குவதும், ஆவணங்களை வருடிக் கணினியில் ஏற்றுவதும், ஆய்வகப் பொருள்களைச் சுத்தம் செய்து அடுக்குவதும் பொருந்தலாம். ஓசையும் கூட்டமும் தாங்காதவரை அங்காடியின் பணம் செலுத்தும் இடத்தில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேலை வேண்டாம் என்றுதான் சொல்வார். இதை முடிவு செய்ய, பயிற்சியின் பகுதியாகவே உண்மையான பணியிடத்தில் சில வாரங்கள் வேலை செய்து பார்க்கும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

தனியார் நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. ஆனால் கடமைகள் இருக்கின்றன என்பதை வேலை கேட்பவரும் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் பல நிறுவனங்களே அறிந்திருப்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இருபதும் அதற்கு மேலும் பணியாளர்கள் உள்ள தனியார் நிறுவனங்களின் கொள்கையில், மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணிகள் எவை, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ன, என்னென்ன வசதிகள் தரப்படும் என்பவை இருக்க வேண்டும். அவற்றைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் அந்தக் கொள்கையைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வரும் பதிலும், பதில் வராமையும், அந்த இடம் எப்படிப்பட்டது என்பதைக் காட்டிவிடும்.

நிறுவனத்துக்கு அரசு தரும் ஊக்கத்தையும் எடுத்துச் சொல்லலாம். தனியார் துறையில் மாற்றுத்திறனாளிகளைப் பணியமர்த்துவதை ஊக்குவிக்க 2008 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திட்டம், மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளிப் பணியாளருக்காக நிறுவனம் செலுத்த வேண்டிய வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. பங்கைத் தொடக்க ஆண்டுகளில் அரசே ஏற்பதாக அமைந்தது. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் சேர மற்றவர்களுக்கு ஊதிய உச்சவரம்பு 21,000 ரூபாய் என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு அது 25,000 ரூபாய். சிறு நிறுவனம் நடத்துபவருக்கு இது ஒரு பொருட்டாகவே இருக்கும். ஆனால் சலுகைக்காக மட்டும் ஆள் எடுப்பவர் நீடித்து வைத்துக்கொள்ள மாட்டார் என்பதும் உண்மை.

என்ன வசதி வேண்டும் என்று எழுதிக் கேட்பது

உடல் குறைபாடு உள்ளவருக்குச் சாய்தளம் வேண்டும் என்பதை யாரும் பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள். ஆட்டிசத்துக்கும் கற்றல் குறைபாட்டுக்கும் என்ன வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரியாது; கேட்டால்தான் தெரியும். சட்டம் இதை நியாயமான தகவமைப்பு என்கிறது. பிறருக்குச் சமமாக ஒருவர் தம் உரிமைகளைப் பயன்படுத்துவதற்காக, அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தாமல் செய்யப்படும் மாற்றங்களே இவை. அரசு நிறுவனங்கள் தம் பணியாளருக்கு இதைச் செய்து தர வேண்டும் என்று 20ஆம் பிரிவு கூறுகிறது. இந்தத் தகவமைப்புக்கு ஆகும் செலவை மாற்றுத்திறனாளியே ஏற்க வேண்டும் என்று எந்த நிறுவனமும் வற்புறுத்தக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் விதிகளில் உள்ளது.

கேட்கும் முறை முக்கியம். ‘எனக்கு ஆட்டிசம் இருக்கிறது, உதவி செய்யுங்கள்’ என்று எழுதினால் மேலாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது. சிரமம் எது, எந்த வேலையில் அது தடையாகிறது, எந்த மாற்றம் அதைத் தீர்க்கும் என்ற மூன்றையும் ஒரே கடிதத்தில் சேர்த்து எழுத வேண்டும். ‘வாய்மொழியாக ஒரே நேரத்தில் பல பணிகளைச் சொன்னால் எனக்கு வரிசை குழம்புகிறது, பணிகளை மின்னஞ்சலில் வரிசைப்படுத்தி அனுப்பினால் தவறின்றி முடித்துவிடுவேன்’ என்பது போன்ற வாக்கியத்தை எவரும் மறுப்பது கடினம். நேர்காணலுக்குப் பதிலாகச் செயல்முறைத் தேர்வு, நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே தருதல், வழியில் ஆள் நடமாட்டம் குறைந்த இருக்கை, காதடைப்பான் அணிய அனுமதி, பணி நேரத்தை மாற்றினால் முதல் நாளே அறிவித்தல், எழுத்தை ஒலியாக வாசிக்கும் மென்பொருள், அறிவுசார் குறைபாடுள்ளவருக்குப் படங்களால் ஆன வேலைப் படிநிலை அட்டை, தொடக்க வாரங்களில் பக்கத்தில் நின்று பழக்கும் ஒரு பயிற்றுநர் ஆகியவை அதிகச் செலவில்லாதவை. வேலைக்குச் சேர்ந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு இவற்றைக் கேட்பதைவிட, பணி ஆணை கிடைத்தவுடன் கேட்பது நல்லது. பிந்திக் கேட்டால் அது சாக்குப்போக்காகப் பார்க்கப்படும்.

தனியார் நிறுவனத்தில் தம் நிலையைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அடையாளம் காட்டாமல் தகவமைப்பைக் கோர முடியாது. நேர்காணல் முறையிலேயே மாற்றம் தேவைப்படுபவர் விண்ணப்பத்தோடு சொல்லிவிடலாம். மற்றவர்கள் பணி ஆணை கைக்கு வந்த பின் மனிதவளத் துறைக்கு எழுதலாம்.

சொந்தத் தொழில்

குடும்பத்தினரின் துணையோடு தொழில் செய்ய விரும்புபவருக்குப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பொருத்தமானது. மாற்றுத்திறனாளிகள் இதில் சிறப்புப் பிரிவினர் என்பதால் திட்ட மதிப்பில் 5 விழுக்காட்டைத் தம் பங்காகப் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25 விழுக்காடு, கிராமத்தில் 35 விழுக்காடு. உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்கள் ஏற்கப்படும். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகச் செல்லும். 1997இல் தொடங்கப்பட்ட தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மற்றும் மேம்பாட்டுக் கழகத்தின் குறைந்த வட்டிக் கடனைத் தமிழ்நாட்டில் கூட்டுறவு வங்கிகள் வழங்குகின்றன. அறிவுசார் குறைபாடுள்ளவருக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ இதைப் பெறலாம்.

சம்பளம் வந்தால் எது நிற்கும்?

பல பெற்றோரின் உண்மையான அச்சம் இதுதான். அதைப் பேசாமல் வேலையைப் பற்றி மட்டும் பேசுவதில் பொருளில்லை. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வேலையில் சேரும்முன், இந்த ஊதியத்தால் உதவித்தொகை பாதிக்கப்படுமா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஓராண்டாகக் காத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மாதாந்திர உதவித்தொகை, பத்தாம் வகுப்பு வரை படித்தவருக்கு 600, மேல்நிலைக் கல்வி முடித்தவருக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். இது வேலை கிடைத்தவுடன் இயல்பாகவே நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய கவலை குடும்ப ஓய்வூதியம். அரசுப் பணியில் இருந்த பெற்றோர் இறந்தபின் மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கக்கூடிய ஓய்வூதியம், அவர் வேலைக்குச் சென்றால் போய்விடும் என்று அஞ்சி வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் பல. மத்திய அரசுப் பணியாளர்களைப் பொறுத்தவரை 2021 பிப்ரவரியில் இந்த விதி தளர்த்தப்பட்டது: பிள்ளையின் பிற வருமானம், இறந்தவர் கடைசியாகப் பெற்ற ஊதியத்தின் 30 விழுக்காடும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குள் இருந்தால் ஓய்வூதியம் தொடரும். உயரதிகாரியாக ஓய்வு பெற்றவரின் பிள்ளை ஒரு சிறிய வேலைக்குப் போவதால் எதுவும் குறைந்துவிடாது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே தெரியும். மாநில அரசுப் பணியாளர்கள் தங்கள் மாநில ஓய்வூதிய விதியைப் பார்க்க வேண்டும்.

ஊதியக் கணக்கு தொடங்க வங்கி மறுத்தால், 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர்க் குழு அளிக்கும் பாதுகாவலர் சான்றை வங்கிகள் ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. இந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு உரியது. கற்றல் குறைபாடு இதில் இல்லை, அவர்களுக்குப் பாதுகாவலரும் தேவையில்லை. தாமே கையெழுத்திட்டுக் கணக்கை நடத்தக்கூடியவருக்கு வங்கியாளரின் வசதிக்காகப் பாதுகாவலரை நியமிப்பதும் தவறு. இதே அறக்கட்டளையின் ‘நிராமயா’ காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. நிறுவனக் காப்பீடு இல்லாத வேலைக்குப் போகிறவர் இதை எடுத்துவைத்துக்கொள்ளலாம். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவருக்கு 1,25,000 ரூபாயும் வருமானத்தில் கழிவு உண்டு. வேலைக்குப் போய்வர, தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளியும் உடன் செல்லும் ஒருவரும் கட்டணமின்றிப் பயணிக்கலாம்.

மறுக்கப்பட்டால்

அரசு அலுவலகத்தில் பணியாற்றுபவர் முதலில் அங்குள்ள குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் தர வேண்டும். 23ஆம் பிரிவின்படி இரண்டு வாரங்களுக்குள் அது விசாரிக்கப்பட வேண்டும், நிறைவு தராவிட்டால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். தேர்வில் வசதி மறுக்கப்பட்டாலோ, நியமனம் மறுக்கப்பட்டாலோ, தனியார் நிறுவனம் பாகுபாடு காட்டினாலோ மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும், மத்திய அரசு நிறுவனங்கள் என்றால் தில்லியிலுள்ள தலைமை ஆணையரிடமும் மனுச் செய்யலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்குரைஞரும் கட்டாயமில்லை. சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையருக்கு உண்டு. அவர் அளிக்கும் பரிந்துரையின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை உரிய அலுவலகம் மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பரிந்துரை என்பதால் அது தீர்ப்பைப் போல உடனே நிறைவேறிவிடுவதில்லை. ஆயினும் உயர் நீதிமன்றத்தை நாட நேரும்போது அந்த ஆணை வலுவான ஆவணமாக நிற்கும். மனுவோடு சான்றிதழின் நகல், வசதி கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம், அதற்கு வந்த பதில், பதில் வராவிட்டால் கடிதம் அனுப்பியதற்கான அஞ்சல் ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். தேர்வு தொடர்பான புகாராக இருந்தால் முடிவுகள் வெளியாகும்வரை காத்திருக்காமல், வசதி மறுக்கப்பட்ட அன்றே தேர்வு மையக் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையொப்பம் பெற்றுக்கொள்ளுங்கள்.